விமானியின் கண்ணும் அரை மில்லிமீட்டர் படலமும்

அலோர்ஸ்டாருக்கு வடக்கே, நெல்வயல்களுக்கு நடுவில் உள்ள கெப்பாளா பத்தாஸ் விமான நிலையத்தை ஒட்டி மலேசிய அரச வான்படையின் கல்லூரி இருக்கிறது. பினாங்கு மாநிலத்திலும் ஒரு கெப்பாளா பத்தாஸ் உண்டு; இது கெடாவுடையது. 1980களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானத்தில் ஏறி, முதன்முதலாகத் தாங்களே வானத்தைத் தொட்டது இங்கேதான். கெடாவின் தோட்டங்களிலும் தாமான்களிலும் வளரும் நம் பிள்ளைகளில் சிலருக்கும் அந்த ஆசை இருக்கிறது. படிவம் ஐந்தை முடிக்கும் நேரத்தில் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “கண்ணாடி போடுகிறேன். லேசர் செய்துகொண்டால் எடுப்பார்களா?”

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய கேள்வி இல்லை இது. லேசர் கண்ணில் எதை மாற்றுகிறது, எதைத் தொடுவதே இல்லை என்று புரிந்துகொண்டால் பதிலும் தானாகவே வந்துவிடும். அந்த அறிவியல் அழகானது. அதில் நம் மதராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவரின் பங்கு மிகப் பெரியது.

விமானியின் கண்ணைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை கெடா மண்ணிலேயே பெரிய விலை வாங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் மலாயாவை நெருங்கிய நாள்களில், ஜப்பானியர்கள் பிறவியிலேயே கிட்டப்பார்வைக்காரர்கள், அவர்களால் இரவில் விமானம் ஓட்ட முடியாது என்ற பேச்சு பிரிட்டிஷ் படையினரிடையே பரவலாக இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் இருட்டிலேயே கடல் கடந்து வந்து சிங்கப்பூரில் குண்டு வீசின. அன்று காலை சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் வான்தளங்களும் தாக்கப்பட்டன. ஓரிரு நாளில் அந்தத் தளங்களை விட்டுப் படை பின்வாங்கியது. அலோர்ஸ்டார் தளத்தின் 62ஆம் பிரிவைச் சேர்ந்த விமானி ஆர்தர் ஸ்கார்ஃப், 9ஆம் தேதி பட்டர்வொர்த்திலிருந்து தனி ஒரு பிளென்ஹைம் விமானத்தில் தாய்லாந்தின் சிங்கோராவுக்குப் போய்த் தாக்கிவிட்டு, கடும் காயத்தோடு அலோர்ஸ்டாரில் வந்து இறங்கினார். தாதியாக இருந்த அவருடைய மனைவி பணியாற்றிய அதே மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. 1946இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. ஓர் இனம் முழுவதற்கும் கண் இப்படித்தான் என்று முடிவுகட்டுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. கண்ணை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

அந்த அளவுகோலைத் தந்தவர் டச்சு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். மேலே பெரிய எழுத்தும் கீழே போகப்போகச் சிறிய எழுத்துமாக மருத்துவமனைச் சுவரில் தொங்கும் அட்டையை அவர் 1862இல் வெளியிட்டார். 6/6 பார்வை என்றால், சராசரிக் கண் 6 மீட்டரில் படிப்பதை நீங்களும் 6 மீட்டரில் படிக்கிறீர்கள். 6/12 என்றால், மற்றவர் 12 மீட்டரிலிருந்தே படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். வகுப்பறையில் இதற்குத் தீர்வு எளிது: முன் வரிசையில் உட்கார்ந்தால் போதும். வானத்தில் முன் வரிசை கிடையாது. எதிரெதிரே மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு விமானங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றையொன்று நெருங்கும் வேகம் நொடிக்கு 500 மீட்டர். ஒரு விமானி 10 கிலோமீட்டரில் அடையாளம் கண்டால் அவருக்கு 20 நொடி கிடைக்கிறது. 6/12 பார்வையுள்ளவர் அதே வடிவத்தை 5 கிலோமீட்டரில்தான் அடையாளம் காண்பார். மிஞ்சுவது 10 நொடி. பார்த்ததை மூளை புரிந்துகொள்ள வேண்டும், கை அசைய வேண்டும், விமானம் திரும்ப வேண்டும். அத்தனையும் அந்த நொடிகளுக்குள்தான்.

நல்ல கண்ணையும் வானம் ஏமாற்றும். மேகமே இல்லாத வெறும் நீலத்தில் பார்வை பற்றிக்கொள்ள ஒரு பொருளும் இல்லாதபோது, கண்ணுக்குள் இருக்கும் வில்லை தானாகவே ஓய்வுநிலைக்குப் போய், ஓரிரு மீட்டர் தூரத்தில் குவிந்து நின்றுவிடுகிறது. தூரத்து விமானம் எதிரே இருந்தும் மங்கலாகிவிடும். இருட்டிலும் இப்படி ஒரு தற்காலிகக் கிட்டப்பார்வை வருவதுண்டு. 1789இலேயே நெவில் மாஸ்கலின் என்ற வானியலாளர் தம் கண்ணில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். ஏற்கெனவே கிட்டப்பார்வை உள்ளவருக்கு இந்த இழப்பு அதன்மேல் கூடுகிறது.

அப்படியானால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினால் என்ன? பயணிகள் விமானத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். போர் விமானத்தில் தலைக்கவசமும் ஆக்சிஜன் முகமூடியும் முகத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. விமானம் வளைந்து திரும்பும்போது ஈர்ப்பைப் போல 6 மடங்கு விசை உடல்மீது இறங்கினால், 30 கிராம் கண்ணாடி 180 கிராம் எடையோடு மூக்கைவிட்டு இறங்கும். வியர்வையில் வழுக்கும், ஆவி படியும், சட்டத்தின் ஓரம் பார்வையின் ஒரு பகுதியை மறைக்கும். அந்த விசையில் முதலில் தடுமாறுவதும் பார்வைதான். கண்ணுக்குள்ளேயே ஓர் அழுத்தம் இருப்பதால், இதயத்திலிருந்து மேலேறும் இரத்தம் மூளைக்குள் நுழைவதைவிட விழித்திரைக்குள் நுழைவது கடினம். அதனால் விமானி நினைவிழக்குமுன் அவருடைய பார்வை சாம்பல் நிறமாகிச் சுருங்கி, பிறகு கருமையாகிறது. எந்த அறுவையும் இதை மாற்றாது. பயிற்சியும் கால்களை இறுக்கும் உடையுமே துணை.

இனி கண்ணுக்குள் போவோம். வளர்ந்தவரின் விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். அதன் ஒளி வளைக்கும் ஆற்றல் மொத்தம் 60 டயாப்டர் அளவு. இதில் 43 டயாப்டர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, முன்னால் இருக்கும் விழிவெண்படலத்தின் வேலை. கண்ணாடியைப் போலத் தெளிந்த இந்தப் படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன். சராசரி 540 மைக்ரான். கிட்டப்பார்வையில் பெரும்பாலும் இந்தப் படலத்தில் பிழை இருப்பதில்லை. விழி பின்பக்கமாக நீண்டுவிடுவதே காரணம். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் இரண்டரை முதல் 3 டயாப்டர் வரை கண்ணாடிப் பவர் ஏறும். நீண்டுவிட்ட விழியைக் குறுக்க வழியில்லை. ஆகவே மருத்துவர்கள் முன்பக்கப் படலத்தைச் சற்றுத் தட்டையாக்கி, ஒளி பின்தள்ளிக் குவியும்படி செய்கிறார்கள். பின்னால் நேர்ந்த பிழைக்கு முன்னால் செய்யும் ஈடு இது.

அதைக் கத்தியால் செய்து பார்த்த காலம் ஒன்றிருந்தது. ட்சுதோமு சாத்தோ என்ற ஜப்பானிய மருத்துவர் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் படலத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் கீறிப் பார்வையைத் திருத்தினார். முதலில் பலன் தெரிந்தது. ஆனால் படலத்தின் உட்புறத்தில் ஒரே அடுக்காக உள்ள உயிரணுக்கள்தான் அதை நீர் கோக்காமல் தெளிவாக வைத்திருக்கின்றன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இது அப்போது தெரிந்திருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகளில் பலருடைய படலம் வெளுத்துப் போனது. 1970களில் சோவியத் மருத்துவர் ஸ்வியாத்தோஸ்லாவ் ஃபியோதரோவ் முன்பக்கத்தில் மட்டும் ஆரம்போலக் கீறும் முறையைப் பரப்பினார். இலட்சக்கணக்கானோர் கண்ணாடியைக் கழற்றினார்கள். இதன் குறை 1996 மே மாதம் எவரெஸ்ட் மலையில் உலகுக்கே தெரிந்தது. இந்த அறுவை செய்துகொண்டிருந்த அமெரிக்க மலையேறி பெக் வெதர்ஸுக்கு உயரத்தில் பார்வை மங்கிக்கொண்டே போனது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் படலம் சற்று வீங்க, ஆழமான கீறல்களால் பலமிழந்த அதன் வடிவமே மாறிவிட்டது. வழியிலேயே காத்திருந்து பனிப்புயலில் சிக்கிய அவர் மரணத்தின் விளிம்புவரை போய் மீண்டார். மெல்லிய காற்றில் வடிவம் மாறும் கண்ணை எந்த வான்படை ஏற்கும்?

இந்த இடத்தில்தான் ரங்கசாமி ஸ்ரீனிவாசன் வருகிறார். மதராஸ் பல்கலைக்கழகத்தில் 1949இல் இளங்கலையும் 1950இல் முதுகலையும் முடித்து, அமெரிக்கா சென்று 1956இல் இயல்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், புற ஊதா ஒளி பிளாஸ்டிக்கை எப்படிச் செதுக்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக்கை இவ்வளவு சுத்தமாக வெட்டும் ஒளி உயிர்த்திசுவை என்ன செய்யும் என்ற கேள்வி அவரிடமும் அவருடைய தோழர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரிடமும் எழுந்தது. 1981 நவம்பர் 27, நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு மறுநாள். வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஸ்ரீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்து எக்சைமர் என்ற புற ஊதா லேசரின் கீழே வைத்தார். கருகல் இல்லாமல், ஓரம் சிதையாமல், கூர்மையான விளிம்போடு ஒரு பள்ளம் விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை நிற லேசரையும் பாய்ச்சினார்கள். அது திசுவைச் சுட்டுக் கருக்கியது.

வேறுபாட்டின் காரணம் அலைநீளத்தில் இருக்கிறது. 193 நானோமீட்டர் புற ஊதா ஒளியின் ஒவ்வொரு துகளும் திசுவின் மூலக்கூறுப் பிணைப்பை நேரடியாக அறுக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்டது. அறுந்த துணுக்குகள் வெப்பத்தையும் தங்களோடு எடுத்துக்கொண்டு ஆவியாகப் பறந்துவிடுகின்றன. பக்கத்துத் திசுவுக்குச் சூடே தெரிவதில்லை. இந்த ஒளி ஒரு மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கண்ணின் உள்ளே இருக்கும் வில்லையையோ விழித்திரையையோ அது எட்டுவதில்லை. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவே திசு நீங்குகிறது. கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல் 1983இல் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து மாட்டுக் கண்களில் இதைச் சோதித்தார். 1988இல், புற்றுநோய் காரணமாகக் கண் அகற்றப்படவிருந்த ஒரு பெண்மணி, எப்படியும் இழக்கப்போகும் கண்தானே என்று அதைச் சோதனைக்குக் கொடுக்க முன்வந்தார். நல்ல பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் இந்த லேசர் முதன்முதலாகப் பாய்ந்தது அப்போதுதான். செய்தவர் மார்கரீட் மெக்டொனால்ட். கண்ணாடியைக் கழற்றிய கோடிக்கணக்கானோர் அந்தப் பெண்மணிக்கும் கடன்பட்டிருக்கிறார்கள்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்த அறுவையை விளக்குவது மிக எளிது. மரத்தின் பட்டையைக் காகிதத் தடிமனுக்குச் சீவ வேண்டும். பால் ஓடும் குழாய்கள் உள்பக்கத்தில்தான் அடர்த்தி, ஆகவே ஆழமாகப் போகவும் வேண்டும். ஆனால் கட்டையைத் தொட்டுவிட்டால் காயம் பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அந்த மரத்தில் திரும்ப ஒழுங்காக வெட்ட முடியாது. நம் பாட்டிமார் இருட்டில் நெற்றி விளக்கோடு கைப்பழக்கத்தில் காத்த அந்த எல்லையைக் கண் மருத்துவர் மைக்ரான் கணக்கில் காக்கிறார். 6 மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு டயாப்டரைத் திருத்த ஏறக்குறைய 12 மைக்ரான் சீவ வேண்டும். 3 டயாப்டருக்கு 36, 6 டயாப்டருக்கு 72, 10 டயாப்டருக்கு 120 மைக்ரான். அடியில் போதிய தடிமன், குறைந்தது 250 மைக்ரான், தொடப்படாமல் மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் கண்ணின் உள்ளழுத்தம் மெலிந்த படலத்தை முன்னால் தள்ளிக் கூம்பாக்கிவிடும். பவர் அதிகம், படலம் மெல்லியது என்றால் நல்ல மருத்துவர் அறுவையே வேண்டாம் என்பார். அப்படிச் சொல்பவரை நம்புங்கள்.

முறைகளில் இரண்டை விமானியாக விரும்புகிறவர் பிரித்தறிந்தே ஆக வேண்டும். பிஆர்கே முறையில் படலத்தின் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாகச் சீவுகிறார்கள். தோல் சில நாளில் மீண்டும் வளர்கிறது. அந்த நாள்களில் வலியும் கூச்சமும் இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகலாம். லேசிக் முறையில் படலத்தின் மேலடுக்கை ஒரு மடலாக வெட்டித் திறந்து, உள்ளே சீவி, மடலை மூடிவிடுகிறார்கள். மறுநாளே பார்வை கிடைத்துவிடும். ஆனால் அந்த மடல் பழைய பலத்தோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை. கடைவீதி வாழ்க்கைக்கு அது ஒரு பொருட்டல்ல. நொடியில் விமானத்தைவிட்டு வெளியே எறியப்பட்டு, முகத்தில் பெருங்காற்று அறையும் நிலைக்குத் தயாராக இருக்க வேண்டியவருக்கு அது பெரிய கேள்வி.

அமெரிக்கக் கடற்படையில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஸ்டீவன் ஷால்ஹார்ன் குறிப்பிடத்தக்கவர். எஃப்-14 போர் விமானம் ஓட்டிவிட்டுப் பிறகு கண் மருத்துவரானவர். 1993 முதல் சான் டியேகோ கடற்படை மருத்துவமனையில் வீரர்களுக்கு பிஆர்கே செய்து, மாதக்கணக்கில் அவர்களுடைய பார்வையை அளந்து குறித்தார். அந்தத் தரவுகளின் பலத்தில்தான் விமானிகளுக்கு முதலில் பிஆர்கே அனுமதிக்கப்பட்டது. லேசிக் மடல் தாங்குமா என்று பார்க்க முயல்களின் கண்ணில் மடல் உண்டாக்கி அதிவேகக் காற்றில் சோதித்தார்கள், மடல்கள் தாங்கின. 2007இல் அமெரிக்க வான்படை விமானிகளுக்கும், அதே ஆண்டில் நாசா விண்வெளி வீரர்களுக்கும் லேசிக் கதவைத் திறந்தன.

கதவு திறந்திருப்பதும் உள்ளே விடுவதும் வேறு வேறு. இந்திய வான்படை பல ஆண்டுகளாக அறிவித்துவந்த விதிகளைப் பாருங்கள்: லேசர் அறுவை 20 வயதுக்குமுன் செய்திருக்கக் கூடாது, சிக்கலின்றி 12 மாதம் கடந்திருக்க வேண்டும், அறுவைக்குப் பிறகு படலத்தின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, அறுவைக்குமுன் பவர் 6 டயாப்டரைத் தாண்டியிருக்கக் கூடாது, விழியின் நீளம் 25.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இதுவரை சொன்ன அறிவியலில் காரணம் இருக்கிறது. 20 வயதுக்குமுன் விழி இன்னும் நீண்டுகொண்டிருக்கலாம். அப்போது திருத்தினால் பவர் திரும்ப ஏறும். விழி நீளக் கட்டுப்பாடுதான் பலருக்குப் புதிராக இருக்கும். நீண்ட விழியில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கிறது. கிழியவும் பிரியவும் வாய்ப்பு அதிகம். முன்பக்கப் படலத்தை எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அந்த விழித்திரை அப்படியேதான் இருக்கும். அட்டையில் 6/6 படிக்கும் கண்ணுக்குப் பின்னால் மைனஸ் 8 பவரின் விழித்திரை ஒளிந்திருக்கலாம். வான்படை மருத்துவக் குழு தேடுவது அதைத்தான்.

மலேசிய வான்படையின் தகுதிகள் ஒவ்வோர் ஆள்சேர்ப்பு அறிவிப்போடும் வெளியாகின்றன. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்து, வேண்டியதை ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலில் பினாங்கிலோ வேறெங்கோ ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து லேசர், பிறகு விண்ணப்பம் என்ற வரிசை தவறானது. நகையை அடகுவைத்துப் பிள்ளையின் கனவுக்குப் பணம் திரட்டும் குடும்பங்களுக்கு இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. சில நிமிட வேலைதான். ஜப்பானியப் படை மருத்துவராக இருந்த ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் தட்டுகள் கண் மருத்துவமனைகளில் இன்றும் இருக்கின்றன. சிவப்பு, பச்சை பிரித்தறியும் திறன் விழித்திரையின் கூம்பணுக்களில் இருக்கிறது. லேசர் அங்கே போவதே இல்லை. ஓடுபாதை ஓரத்தில் இறங்கு கோணத்தைக் காட்டும் விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாகப் பேசுகின்றன. வானொலி பழுதானால் கட்டுப்பாட்டுக் கோபுரம் பச்சை, சிவப்பு, வெள்ளை ஒளியால்தான் கட்டளை தரும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பையன்களுக்குத் தாய்வழியாகவே வருகிறது. தாய்மாமனுக்கு இருந்தால், அக்காவோ தங்கையோ பெறும் மகனுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமனிடம் கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 12 வயதில் தெரிந்தால் பிள்ளை விமானப் பொறியியலின் பக்கமோ வேறு துறையின் பக்கமோ மனத்தைத் திருப்ப நேரம் இருக்கும். 20 வயதில், லேசருக்குச் செலவழித்த பிறகு தெரிந்தால் அது அடி.

அறுவையே தேவைப்படாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? ஓரளவு முடியும். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டது. 6, 7 வயதில் சிங்கப்பூரில் 29 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காடு மட்டுமே. பெரிய வேறுபாடு வெளியில் கழித்த நேரத்தில் இருந்தது: சிட்னியில் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி, சிங்கப்பூரில் 3 மணி. பிறகு சீனாவின் குவாங்சோவில் பள்ளி நாளோடு 40 நிமிட வெளிப்புற வகுப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். 3 ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு, அந்த வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 விழுக்காடு. வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரக்கச் செய்து, விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். பீடோங், பாடாங் செராய், கோலா கெட்டில் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களில் வளர்ந்த தலைமுறை வெளிச்சத்திலேயே வளர்ந்தது. தோட்டம் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, தாமான் வீட்டுக்குள் கைப்பேசியோடு உட்காரும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. பள்ளி வளாகத்தில் தமிழாசிரியர்கள் ஓய்வு நேரத்தில் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே அனுப்புவதைக்கூட நான் மருத்துவமாகவே பார்க்கிறேன்.

எல்லாம் பார்த்து, வயதும் வந்து, பவரும் நிலைத்து, விதியும் இடம் கொடுத்து ஒருவர் அறுவை செய்துகொள்ள முடிவெடுத்தால், ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. அறுவைக்கு முந்தைய கண்ணாடிப் பவர், படலத்தின் தடிமன், படலத்தின் வளைவு வரைபடம், விழியின் நீளம், எந்த முறையில் எவ்வளவு சீவினார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் அச்சிட்டு வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். சீவி முடித்த படலத்தைப் பார்த்து, முன்பு அது எப்படி இருந்தது என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. மருத்துவக் குழு கேட்கும் பழைய அளவுகள் அந்தத் தாள்களில் மட்டுமே இருக்கும். 60 வயதில் கண்புரை அறுவைக்குப் போகும்போதும், உள்ளே வைக்கும் செயற்கை வில்லையின் பவரைக் கணக்கிட மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.